வாசகர் கேள்வி பதில்: பின்னாளில் வரக்கூடிய மாரடைப்பிலிருந்து உடற்பயிற்சி காக்குமா?

இந்த முறை வந்த கடிதங்களில் உடற்பயிற்சிக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றிக் கேட்டவையே அதிகம். ஒரே ஐயத்தைப் பலரும் வெவ்வேறு விதமாக எழுப்பியிருப்பதால், அவற்றை ஆறு கேள்விகளாகத் தொகுத்து, இதயநோய் மருத்துவர் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் தந்தைக்கு 51 வயதில் மாரடைப்பு வந்தது. எனக்கு இப்போது 43 வயது. தினமும் நடந்தால் இதயத்துக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எடையும் சர்க்கரையும் குறைவதால்தான் அந்த நன்மை கிடைக்கிறதா, அல்லது உடற்பயிற்சி இதயத்துக்குள்ளேயே நேரடியாக ஏதேனும் செய்கிறதா?

பதில்: எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவை குறைவதால் கிடைக்கும் நன்மை உண்மையானதுதான்; ஆனால் விஷயம் அதோடு முடிந்துவிடுவதில்லை. தொடர்ச்சியான உடற்பயிற்சி இதயத்துக்கு இரண்டு விதமான பாதுகாப்பைத் தருகிறது. முதலாவது, மாரடைப்பு வரும் வாய்ப்பைக் குறைப்பது. இரண்டாவது, அதையும் மீறி மாரடைப்பு வந்துவிட்டால், இதயத் தசையில் இறந்துபோகும் பகுதியைச் சிறியதாக்குவது. முதலாவதைப் பற்றி எங்கும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றிப் பொதுவெளியில் போதிய பேச்சு இல்லை என்பது என் எண்ணம்; அதனால் அதற்குச் சற்று அதிக இடம் கொடுக்கிறேன்.

இந்த இரண்டு பாதுகாப்புகளுக்குமான அறிகுறி 1953ஆம் ஆண்டிலேயே தென்பட்டுவிட்டது. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் லண்டன் மாநகரப் போக்குவரத்து ஊழியர்களை ஆராய்ந்து, அந்த முடிவுகளை 'லான்செட்' இதழில் வெளியிட்டார். மாடிப் பேருந்தின் ஓட்டுநர் வேலை நேரத்தின் பெரும்பகுதியை உட்கார்ந்தே கழிக்கிறார். அதே பேருந்தின் நடத்துநரோ பயணச்சீட்டு கொடுப்பதற்காக நாள் முழுவதும் படியேறி இறங்குகிறார். ஒரே வண்டி, ஒரே நிர்வாகம், ஏறத்தாழ ஒரே வாழ்க்கைநிலை. ஆனாலும் நடத்துநர்களுக்கு இதயத் தமனி நோய் குறைவாகவே வந்தது. மாரிஸ் அழுத்திச் சொன்ன செய்தி வேறொன்று: நடத்துநர்களுக்கு நோய் வந்தபோதும் அது பெரும்பாலும் நெஞ்சுவலியாகத்தான் முதலில் வெளிப்பட்டது, ஓட்டுநர்களிடமோ முதல் தாக்குதலிலேயே, அல்லது அதையடுத்த சில நாட்களிலேயே, உயிரிழப்பு அதிகமாக இருந்தது. ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே பருமனாக இருந்திருக்கலாமே என்ற கேள்வி எழுந்தபோது, அவர் சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பளவுப் பதிவேட்டையே எடுத்து ஆராய்ந்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு அதிகமாகத்தான் இருந்தது. ஆயினும் நோயில் இருந்த வேறுபாட்டை அந்த இடுப்பளவு மட்டும் விளக்கிவிடவில்லை. மாரிஸ் தாமும் வாழ்நாள் முழுவதும் உடற்பயிற்சி செய்தவர். 2009இல் தம் 99ஆம் வயதில் மறைந்தார்.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ரத்தக்குழாயின் உட்பரப்பில், ஒரே ஒரு செல் கனத்தில், ஒரு மெல்லிய படலம் விரிந்திருக்கிறது. நீங்கள் விறுவிறுப்பாக நடக்கும்போது ரத்தம் வேகமெடுத்து இந்தப் படலத்தின்மீது உராய்ந்து செல்கிறது. அந்த உராய்வை உணரும் செல்கள் ஒரு நொதியைத் தூண்டிவிட, அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சிறு அளவில் உண்டாக்குகிறது. அந்த வாயு ரத்தக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்திக் குழாயை விரியச் செய்கிறது. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. வெள்ளை அணுக்கள் குழாயின் சுவருக்குள் நுழைந்து அழற்சியைக் கிளப்புவதையும் குறைக்கிறது. உடல் தானாக உற்பத்தி செய்யும் இந்த வாயுவின் பங்கைக் கண்டறிந்ததற்காக 1998இல் மூன்று அறிவியலாளர்களுக்கு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒரு நாள் நடந்தால் இந்த உற்பத்தி சிறிது நேரம் கூடிப் பின் தணிந்துவிடும். வாரக்கணக்கில் தொடர்ந்து நடக்கும்போது அந்த நொதியின் அளவே கூடிவிடுகிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகர மருத்துவர்கள் இதயத் தமனி நோய் உள்ளவர்களிடம் நடத்திய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. நான்கே வாரப் பயிற்சியில் இதயத் தமனிகளின் விரியும் திறன் மேம்பட்டதை அவர்கள் நேரடியாக அளந்து காட்டினார்கள். நான்கு வாரத்தில் தமனியில் உள்ள கொழுப்புப் படிவு கரைந்துவிடப் போவதில்லை. படிவு அப்படியே இருக்கும்போதே குழாயின் நடத்தை மாறிவிடுகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இரண்டாவது பாதுகாப்புக்கு வருகிறேன். மாரடைப்பு என்பது பெரும்பாலும், தமனியின் சுவரில் உள்ள கொழுப்புப் படிவு வெடித்து, அந்த இடத்தில் ரத்தம் உறைந்து, குழாய் அடைபடுவதால் வருவது. அடைப்புக்கு அப்பால் உள்ள தசைக்கு ஆக்சிஜன் போவதில்லை. நேரம் செல்லச் செல்ல அது இறந்துகொண்டே வருகிறது. சிகிச்சையால் அடைப்பு நீங்கி ரத்தம் திரும்பப் பாயும் தருணத்திலும், அந்தத் திடீர்ப் பாய்ச்சலே செல்களுக்கு மேலும் கொஞ்சம் சேதம் விளைவிக்கிறது. இறந்த தசை மீண்டும் வளர்வதில்லை என்றே சொல்ல வேண்டும்; அந்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும். ஆகவே ஒருவர் மாரடைப்புக்குப் பிறகு மாடிப்படி ஏறும் அளவுக்குத் தேறுவாரா, நாலடி நடந்தாலே மூச்சு வாங்குவாரா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அந்தத் தழும்பின் அளவுதான்.

இந்த அளவைக் குறைக்கும் ஆற்றல் இதயத்துக்கே உண்டு என்பது 1986இல் தெரியவந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் நாய்களின் இதயத் தமனி ஒன்றை ஐந்து நிமிடம் அடைத்து, ஐந்து நிமிடம் திறந்து, இப்படி நான்கு முறை செய்துவிட்டு, அதன்பின் நாற்பது நிமிடம் தொடர்ந்து அடைத்துவைத்தார்கள். இவ்வாறு முன்கூட்டிப் பழக்கப்பட்ட இதயங்களில் இறந்த தசையின் அளவு, பழக்கப்படாத இதயங்களில் இருந்ததில் கால் பங்குதான். சிறு நெருக்கடிகளைச் சந்தித்த தசை, பெரிய நெருக்கடியைத் தாங்கும் வகையில் தன் உள்வேதியியலை மாற்றிக்கொள்கிறது. உடற்பயிற்சியும் இத்தகைய பழக்கத்தை உண்டாக்குகிறதா என்பதைப் பின்னர் எலிகளிலும் சுண்டெலிகளிலும் பலர் சோதித்தார்கள். அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வாரம் சக்கரத்தில் தம் விருப்பப்படி ஓடிய சுண்டெலிகளுக்கு மாரடைப்பை உண்டாக்கியபோது, ஓடாதவற்றைவிடத் தசைச் சேதம் குறைவாக இருந்தது. ஓடும்போது கூடுதலாக உற்பத்தியான நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரைட் போன்ற சேர்மங்களாக இதயத் தசையிலேயே சேமிக்கப்பட்டிருந்தது. ஆக்சிஜன் தட்டுப்பாடு வந்த நேரத்தில் அந்தச் சேமிப்பு கைகொடுத்தது என்று அவர்கள் விளக்கினார்கள். செல்லுக்குள் உள்ள ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு நொதிகள் கூடுவதும் இதில் பங்கு வகிப்பதாக வேறு ஆய்வுகள் காட்டுகின்றன.

விலங்குகளில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடக் கூடாது. மனிதரிடம் வேண்டுமென்றே மாரடைப்பை உண்டாக்கிப் பார்க்க எவராலும் முடியாது. ஆகவே நமக்குக் கிடைப்பவை எல்லாம் நீண்டகாலக் கவனிப்பிலிருந்து வரும் சான்றுகளே. கோபன்ஹேகனில் அத்தகைய கவனிப்பின் முடிவு 2017இல் வெளிவந்தது. மாரடைப்பு வந்தவர்களில், முன்பே உடலுழைப்பும் பயிற்சியும் உள்ளவர்களாக இருந்தவர்கள், உட்கார்ந்தே வாழ்ந்தவர்களைவிட அந்தத் தாக்குதலில் உடனடியாக இறப்பது குறைவாக இருந்தது. பயிற்சி செய்பவர்கள் புகைபிடிக்காதவர்களாகவும் உணவில் கவனம் உள்ளவர்களாகவும் இருக்கக்கூடும் என்பதால் இதைத் தனிச் சான்றாகக் கொள்ள முடியாது. எனினும் பேருந்து நடத்துநர்களிடம் மாரிஸ் கண்டதும், சுண்டெலிகளிடம் கண்டதும், கோபன்ஹேகனில் கண்டதும் ஒரே திசையைக் காட்டுவதால், நான் இதைத் தயக்கமில்லாமல் நம்புகிறேன்.

உங்களுக்குத் தனிப்பட்ட முறையில் ஒன்று சொல்ல வேண்டும். தந்தைக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்குள் இதயத் தமனி நோய் வந்திருந்தால், அது உங்கள் ஆபத்தைக் கூட்டும் குடும்ப வரலாறாகக் கருதப்படும். ஆகவே நடக்கத் தொடங்குங்கள். அதோடு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகிய மூன்றையும் இப்போதே பரிசோதித்துக்கொள்ளுங்கள். எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பை உடற்பயிற்சி பெரிதாகக் குறைப்பதில்லை. அது அதிகமாக இருந்தால் அதற்கென்று தனியே மருத்துவம் தேவைப்படலாம்.

கேள்வி: கல்லூரிக் காலத்தில் நான் கால்பந்து வீரன். அன்றாடம் இரண்டு மணி நேரம் பயிற்சி. இப்போது 48 வயது. இருபது ஆண்டுகளாக நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலை. அன்று செய்த பயிற்சியின் பலன் இன்றும் என் இதயத்தில் இருக்குமா?

பதில்: இருக்காது. இதை மென்மையாகச் சொல்லி உங்களைத் தவறான நம்பிக்கையில் விட்டுவைக்க எனக்கு மனமில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர்களை ரால்ஃப் பாஃபன்பார்கர் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1978இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு நேரடியாகவே விடை சொல்கிறது. மாணவப் பருவத்தில் விளையாட்டு வீரர்களாக இருந்து, பிறகு பயிற்சியைக் கைவிட்டவர்களுக்கு மாரடைப்பிலிருந்து எந்தத் தனிப் பாதுகாப்பும் இல்லை. அதேவேளை, படிக்கும்போது எந்த விளையாட்டிலும் ஈடுபடாமல், நடுவயதில் சுறுசுறுப்பானவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைத்தது. விலங்கு ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. நான் முன்னர் குறிப்பிட்ட சுண்டெலிகளில், ஓட்டத்தை நிறுத்திய பிறகு ஒரு வாரம் வரை பாதுகாப்பு நீடித்தது. எலிகளில் நடந்த இன்னொரு ஆய்வில், ஒன்பதாம் நாள் வரை இருந்த பாதுகாப்பு பதினெட்டாம் நாளில் மறைந்திருந்தது. மனித இதயத்தில் இந்தக் கணக்கு நாள் பிசகாமல் இதேபோல் இருக்கும் என்று கொள்ள வேண்டாம். ஆனால் நிறுத்தினால் போய்விடும் என்பதில் ஐயமில்லை. இந்தப் பாதுகாப்பை இளமையில் ஈட்டி முதுமைக்கு எடுத்துவைக்க முடியாது.

உங்களுக்கு மிகுந்த ஆறுதல் தரக்கூடிய செய்தியும் உண்டு. 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், இருபது வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்து, அவர்களின் இதயத் திறன் எவ்வளவு சரிகிறது என்று அளந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஐவரையும் தேடிப்பிடித்து மறுபடி அளந்தபோது, முப்பது ஆண்டு மூப்பினால் இழந்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கையால் அவர்கள் இழந்தது அதிகம் என்று தெரிந்தது. பிறகு, ஐம்பது வயதான அவர்களுக்கு ஆறு மாத காலம் படிப்படியாக நடை, மெதுவோட்டம், மிதிவண்டி ஆகியவற்றில் பயிற்சி கொடுத்தார்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனில் வயதால் இழந்தது முழுவதையும் அவர்கள் மீட்டுவிட்டார்கள். உங்களுக்கு 48 வயதுதான் ஆகிறது.

தொடங்கும்போது மட்டும் பழைய வீரனின் நினைப்பில் களத்தில் இறங்காதீர்கள். இருபது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, நண்பர்கள் அழைத்தார்கள் என்று முதல் நாளே முழு ஆட்டம் ஆடுவதுதான் ஆபத்து. ஏன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: எங்கள் பகுதியில் தினமும் ஓடும் ஒருவர், ஓடிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் இறந்துபோனார். அதைக் கண்ட பிறகு என் கணவர் நடைப்பயிற்சியையே நிறுத்திவிட்டார். உடற்பயிற்சியே மாரடைப்பை வரவழைக்கும் என்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

பதில்: உங்கள் கணவரின் அச்சம் பொருளற்றது அல்ல, அதற்கு நேர்மையான பதில் தர வேண்டும். கடுமையான உழைப்பில் ஈடுபட்டிருக்கும் நேரத்திலும் அதை அடுத்த ஒரு மணி நேரத்திலும் மாரடைப்பு வரும் வாய்ப்பு, சும்மா இருக்கும் நேரத்தைவிடக் கூடுதல்தான். எவருக்கு எவ்வளவு கூடுதல் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மாரடைப்பு வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விசாரித்து 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, வாரத்தில் ஒருமுறைகூடக் கடும் பயிற்சி செய்யாதவர்களுக்கு, திடீரென்று கடுமையாக உழைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் ஆபத்து நூறு மடங்குக்கும் மேல் கூடியது. வாரத்தில் ஐந்து முறையோ அதற்கு மேலோ பயிற்சி செய்பவர்களுக்கு அது கூடியது ஏறத்தாழ இரண்டரை மடங்கு மட்டுமே. ஒரு தனி மணி நேரத்தில் ஒருவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு இயல்பாகவே மிகமிகச் சிறியது என்பதால், இந்த மடங்குகளைக் கண்டு மிரள வேண்டியதில்லை. ஆனால் அவை சொல்வது தெளிவு: பழக்கம் இல்லாத உடலுக்குத்தான் திடீர் உழைப்பு பகை.

சியாட்டில் நகர ஆய்வாளர்கள் 1984இல் கேட்ட கேள்வி இன்னும் பொருத்தமானது. பயிற்சி செய்யும் அந்தச் சிறிது நேர ஆபத்தையும், மீதி நேரம் முழுவதும் கிடைக்கும் பாதுகாப்பையும் சேர்த்துக் கூட்டினால் என்ன வருகிறது என்று பார்த்தார்கள். தொடர்ந்து தீவிரமாகப் பயிற்சி செய்யும் ஆண்களுக்குத் திடீர் இதய நிறுத்தம் ஏற்படும் மொத்த வாய்ப்பு, உட்கார்ந்தே வாழ்பவர்களுக்கு இருந்ததில் 40 சதவீதம்தான். உங்கள் கணவர் நடையை நிறுத்தியதால் சிறிய ஆபத்தைத் தவிர்த்து, பெரிய ஆபத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

அதே 1984ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஓட்டத்தை மக்களிடையே பரப்பியவரான ஜிம் ஃபிக்ஸ் தம் 52ஆம் வயதில் ஓட்டத்தின்போதே இறந்தார். அப்போதும் உலகெங்கும் இதே கேள்வி எழுந்தது. பிரேதப் பரிசோதனையில் அவருடைய இதயத் தமனிகளில் கடுமையான அடைப்புகள் காணப்பட்டன. அவருடைய தந்தைக்கு 35 வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தது. 43 வயதில் அவர் இறந்தும் போனார். ஃபிக்ஸும் ஓடத் தொடங்குவதற்கு முன் பருமனாகவும், நிறையப் புகைபிடிப்பவராகவும் இருந்தவர். ஓடியதால் தந்தையைவிட அதிகக் காலம் வாழ்ந்தார் என்று சிலர் சொல்வதை நிரூபிக்க வழியில்லை. ஆனால் உடற்பயிற்சி செய்பவருக்கு அடைப்பே இருக்காது என்ற எண்ணம் தவறு என்பதை அவருடைய மரணம் காட்டிவிட்டது. நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், தொண்டையிலோ தாடையிலோ இறுக்கம், இடது கையில் பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுவாங்கல், மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும், 'நான்தான் தினமும் ஓடுகிறேனே' என்று ஒதுக்கிவிடக் கூடாது. அப்போதே நிறுத்த வேண்டும். ஓய்வெடுத்ததும் சரியாகிவிட்டாலும், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சில நிமிட ஓய்விலும் குறையாவிட்டால் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

காய்ச்சல் உள்ள நாட்களில் பயிற்சி வேண்டாம் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். சில வைரஸ் தொற்றுகள் இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கலாம். அந்த நிலையில் கடுமையாக உழைப்பது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும்.

கேள்வி: மூன்று மாதம் முன்பு எனக்கு மாரடைப்பு வந்து, ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஸ்டென்ட் பொருத்தினார்கள். வயது 57. நடந்தால் இதயம் களைத்துவிடும் என்று வீட்டில் என்னை எழுந்திருக்கவே விடுவதில்லை. நான் உடற்பயிற்சி செய்யலாமா? அது இரண்டாவது மாரடைப்பைத் தடுக்குமா?

பதில்: உங்கள் வீட்டாரின் அன்பு எனக்குப் புரிகிறது. ஒரு காலத்தில் மருத்துவர்களும் இப்படித்தான் நினைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாரடைப்பு வந்தவர்களை ஆறு வாரம் வரை படுக்கையிலேயே கிடத்தியிருந்தார்கள். பலர் அந்தப் படுக்கையினால் உண்டான ரத்தக்கட்டி நுரையீரலுக்குச் சென்றதால் இறந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லோன் என்ற அமெரிக்க மருத்துவர்கள் நோயாளிகளை முதல் வாரத்திலேயே நாற்காலியில் அமரவைத்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. இத்தனைக்கும், நெஞ்சுவலி நோயை 18ஆம் நூற்றாண்டிலேயே விவரித்த ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், தினமும் அரைமணி நேரம் மரம் அறுப்பதை வழக்கமாக வைத்துக்கொண்ட நோயாளி ஒருவர் ஏறத்தாழக் குணமடைந்துவிட்டார் என்று எழுதிவைத்திருந்தார்.

இன்று நிலை தெளிவு. இதய மறுவாழ்வுப் பயிற்சி என்று அழைக்கப்படும் முறையான பயிற்சித் திட்டங்களைப் பற்றிய 63 ஆய்வுகளை, 14,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை உள்ளடக்கி, காக்ரேன் அமைப்பு 2016இல் தொகுத்து மதிப்பிட்டது. பயிற்சியில் சேர்ந்தவர்களிடம் இதயநோயால் ஏற்பட்ட மரணங்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தன. மருத்துவமனையில் மீண்டும் சேர்க்கப்படுவதும் குறைந்தது. இவ்வளவு நன்மை உள்ள ஒரு சிகிச்சைக்குத் தகுதியானவர்களில் பெரும்பாலோர் அனுப்பப்படுவதே இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வேதனை தரும் விஷயம்.

ஸ்டென்ட் ஓர் இடத்தில் இருந்த அடைப்பைத் திறந்திருக்கிறது. ஆனால் கொழுப்புப் படிவு தமனிகள் நெடுகவும் இருக்கக்கூடிய நோய்; அடுத்த மாரடைப்பு வேறோர் இடத்தில், இப்போது சிறியதாகத் தெரியும் ஒரு படிவு வெடிப்பதால் வரலாம். மருந்துகளும் உடற்பயிற்சியும்தான் எல்லாத் தமனிகளையும் ஒருசேரச் சென்றடைகின்றன. லைப்சிக் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், நிலையான இதயத் தமனி நோய் உள்ள 101 ஆண்களில் பாதிப் பேருக்கு ஸ்டென்ட் பொருத்தியும், மீதிப் பேருக்குத் தினமும் இருபது நிமிடம் மிதிவண்டிப் பயிற்சி கொடுத்தும் ஓராண்டு கவனித்தார்கள். பயிற்சி செய்தவர்களில் 88 சதவீதம் பேரும், ஸ்டென்ட் பொருத்தியவர்களில் 70 சதவீதம் பேரும் அந்த ஓராண்டில் புதிய இதயச் சிக்கல் எதுவும் இல்லாமல் இருந்தார்கள். இது மாரடைப்பின் நடுவே இருப்பவர்களைப் பற்றிய ஆய்வு அல்ல. உங்களுக்கு அன்று ஸ்டென்ட் பொருத்தியது உயிர்காத்த சிகிச்சை. அதில் குழப்பம் வேண்டாம்.

எப்படித் தொடங்குவது? முதலில் உங்கள் மருத்துவர் எக்கோ பரிசோதனையில் இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறனையும், தேவைப்பட்டால் ட்ரெட்மில் பரிசோதனையையும் பார்த்து அனுமதி தர வேண்டும். மறுவாழ்வுப் பயிற்சிக்கூடத்தில் முதல் நாள் இப்படி இருக்கும்: நெஞ்சில் இ.சி.ஜி. வில்லைகளை ஒட்டுவார்கள், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், ஐந்து முதல் பத்து நிமிடம் மிக மெதுவாக நடக்கவிட்டுக் கை கால்களைத் தளர்த்தச் செய்வார்கள். அதன்பிறகு பத்து நிமிடம் சற்று வேகமான நடை அல்லது மிதிவண்டி. இடையிடையே 'இப்போது எவ்வளவு கடினமாக இருக்கிறது?' என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். முடிவில் சட்டென்று நிறுத்தாமல், வேகத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். திடீரென்று நின்றால் கால்களில் ரத்தம் தேங்கித் தலைசுற்றும். வாரந்தோறும் சில நிமிடங்களைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அத்தகைய வசதி எட்டாத இடத்தில் இருந்தால், அனுமதி பெற்ற பின், வீட்டிலிருந்தே இதே ஒழுங்கில் நடக்கலாம்.

உங்களுக்குப் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை கொடுத்திருக்கக்கூடும். அது இதயத் துடிப்பு வேகமெடுப்பதைத் தடுக்கும். அதனால் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணிக்கையை வைத்து உழைப்பின் கடுமையை அளவிடாதீர்கள். நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். பேசவே மூச்சுத் திணறினால் வேகம் அதிகம். உங்கள் மனைவியையோ மகனையோ முதல் சில வாரம் உடன் நடக்கச் சொல்லுங்கள். பேசிக்கொண்டே நடப்பதால் வேகம் தானாகச் சரியாக அமையும். அவர்களுடைய அச்சமும் கண்ணெதிரே குறையும்.

கேள்வி: தினமும் 10,000 அடி நடந்தால்தான் பலனா? எனக்கு வேலை நாட்களில் நேரமே கிடைப்பதில்லை. மேலும் ஆறு மாதமாக முடிந்தபோதெல்லாம் நடந்தும் எடை குறையவில்லை.

பதில்: 10,000 என்ற எண் ஆய்வில் பிறந்தது அல்ல, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி அளவிக் கருவியின் விளம்பரத்தோடு பரவியது. சராசரி வயது 72 உள்ள பெண்களிடம் நடந்த 2019ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடமே மரணம் வெகுவாகக் குறைந்திருந்தது; ஏறத்தாழ 7,500 அடிக்குமேல் கூடுதல் பலன் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் தீவிரப் பயிற்சி. அதோடு வாரம் இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. அந்த அளவை எட்ட முடியாவிட்டாலும், ஒன்றுமே செய்யாத நிலையிலிருந்து கொஞ்சம் செய்யும் நிலைக்கு வருபவருக்குத்தான் ஆதாயம் மிக அதிகம். வார இறுதியின் இரண்டு நாட்களில் இந்த நிமிடங்களை முடிப்பவர்களுக்கும் நன்மை கிடைப்பதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. இருந்தாலும், இதயத் தசையின் அந்த இரண்டாவது பாதுகாப்பு சில நாட்களிலேயே தேயக்கூடியது என்பதால், இடையில் ஒரு நாளாவது இருபது நிமிடம் ஒதுக்குங்கள் என்பேன்.

எடை குறையாததால் பயிற்சி வீண் என்று எண்ண வேண்டாம். ட்ரெட்மில் பரிசோதனைக்கு வந்த 6,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்து 2002இல் வெளியான ஆய்வில், யார் நீண்ட காலம் வாழ்வார்கள் என்பதை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், சர்க்கரை எல்லாவற்றையும்விட, அவர்களால் எவ்வளவு உழைக்க முடிந்தது என்பதே சிறப்பாகக் காட்டியது. காலையில் எழுந்ததும், படுக்கையிலேயே, மணிக்கட்டில் நாடித் துடிப்பை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்துவாருங்கள். நிமிடத்துக்கு 72 என்று இருந்தது சில மாதங்களில் 62 ஆனால், உங்கள் இதயம் ஒரு நாளைக்கு 14,400 முறை குறைவாகத் துடிக்கிறது என்று பொருள். இதயத் தசை தனக்கான ரத்தத்தைப் பெரும்பாலும் துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைப்பட்ட ஓய்வில்தான் பெறுகிறது. அந்த ஓய்வு நீள்கிறது. எடை பார்க்கும் கருவியில் இது தெரியாது.

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரை நோயும் மூட்டுவலியும் உண்டு. ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். உடற்பயிற்சி தொடங்கினால் மாத்திரைகளை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார்.

பதில்: தாமாக நிறுத்தவே கூடாது. உடற்பயிற்சியால் ரத்த அழுத்தம் குறையும்போது, மாத்திரையின் அளவை மருத்துவர் குறைக்கக்கூடும்; கொழுப்புக்கான ஸ்டேட்டின் மாத்திரை செய்யும் வேலையையோ உடற்பயிற்சி செய்வதில்லை. இரண்டும் வெவ்வேறு வழிகளில் காப்பவை. சேர்ந்திருந்தால்தான் முழுப் பலன்.

மூட்டுவலிக்காக அவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. நிலைமிதிவண்டி, நீரில் நடப்பது, நாற்காலியில் அமர்ந்தபடி கால்களை நீட்டி மடக்குவது, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருவது ஆகியவை முழங்காலுக்கு அதிகச் சுமை தராமல் இதயத்துக்கு வேலை கொடுக்கும். தொடையின் முன்தசை வலுவானால் மூட்டுவலியும் தணியும்.

சர்க்கரை நோய் இருப்பதால் இரண்டு செய்திகளை மட்டும் அவர் மனத்தில் கொள்ள வேண்டும். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவராக இருந்தால், பயிற்சியின்போதும் அதற்குப் பின் சில மணி நேரம் வரையிலும் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். ஆகவே வெறும் வயிற்றில் நடக்காமல், கையில் ஏதேனும் இனிப்பு வைத்திருக்கட்டும். மற்றொன்று, நீண்டகாலச் சர்க்கரை நோயில் நரம்புகள் பாதிக்கப்படுவதால், மாரடைப்பின் வலி தெரியாமலே போகலாம். பெண்களுக்கும் நெஞ்சுவலி முதன்மையாக இல்லாமல், மூச்சுவாங்கல், குமட்டல், முதுகுவலி, காரணமில்லாத வியர்வை, சொல்லத் தெரியாத களைப்பு என்று அது வெளிப்படுவதுண்டு. நேற்று எளிதாகச் செய்த பயிற்சி இன்று திடீரென்று முடியாமல் போனால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல், அன்றே ஓர் இ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள்.